பெங், போங், குவா: பிரெஞ்சுப் பேச்சின் இடைச்சொற்களைக் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாரிஸில் எனக்கு அது முதல் குளிர்காலம். கூட வேலை பார்த்த ஒரு பெண்மணி ஞாயிற்றுக்கிழமை மாலை போன் செய்தார். ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது பற்றிப் பேச வேண்டியிருந்தது, பேசி முடித்தோம். அவர் "போங்" என்றார். நான் மழையைப் பற்றி ஏதோ சொன்னேன். "போங், பெங்..." என்று இழுத்தார். புதுச்சேரியில் ஐப்பசி மழை எப்படி இருக்கும் என்று நான் ஆரம்பித்தேன். கடைசியில் அவரே, "போங், பெங், ஏகூத், ஜு வெ து லெஸே" என்று சொல்லிவிட்டு வைத்தார். 'சரி, நான் வைக்கிறேன்' என்பதுதான் அந்தக் கடைசி வாக்கியம். அது எனக்குப் புரிந்தது. ஆனால் அதையே அவர் அதற்கு முன் இரண்டு தடவை சொல்லிவிட்டார் என்பது புரியவில்லை.

புதுச்சேரியில் மூன்று வருடம் பிரெஞ்சு படித்துவிட்டுப் போனவன் நான். வினைச்சொல்லின் காலங்கள் எல்லாம் தலைகீழாகத் தெரியும். இந்த ஒற்றை அசைச் சொற்களை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. "அதெல்லாம் பேச்சில் வரும் சத்தம், விட்டுவிடு" என்றார்கள். அப்படி விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் விஷயத்தை வாக்கியத்தில் சொல்கிறார்கள், அந்த விஷயத்தை நாம் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை இந்தச் சின்னச் சொற்களில் சொல்கிறார்கள்.

தமிழில் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிது இல்லை. இடைச்சொற்களுக்கென்றே தனி இயல் வைத்தவர் தொல்காப்பியர். பெயரோடும் வினையோடும் சேர்ந்துதான் அவை நடக்கும், தனியே இயல்பு கிடையாது என்கிறார். 'தில்' என்ற ஒரு சின்னச் சொல்லுக்கு விழைவு, காலம், ஒழியிசை (சொல்லாமல் விட்டதை உணர்த்துவது) என்று மூன்று பொருள் பிரித்துக் காட்டுகிறார். பிரெஞ்சுச் சொற்களையும் அதே கண்ணோடு பார்த்தால் போதும். ஒரு சொல், பல வேலை. எந்த இடத்தில் எந்த வேலை என்பதுதான் கேள்வி.

படி 1: முதலில் காதைத் தயார் செய்யுங்கள்

இந்தச் சொற்களில் பாதி மூக்கொலியில் முடியும். அதை நான் 'ங்' என்று எழுதுகிறேன், ஆனால் முழு 'ங்' சொல்லாதீர்கள். உயிரெழுத்தைச் சொல்லும்போதே மூச்சை மூக்கு வழியாக விடுங்கள், நாக்கு எங்கும் ஒட்ட வேண்டாம். 'பெங்' என்பது எழுத்தில் பி, இ, என் என்ற மூன்றெழுத்துச் சொல். 'போங்' என்பது பி, ஓ, என். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உதட்டில்தான் இருக்கிறது: பெங் சொல்லும்போது வாய் விரியும், போங் சொல்லும்போது குவியும். கண்ணாடி முன் நின்று இருபது தடவை மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். காதுக்கு இந்த வித்தியாசம் பிடிபடாவிட்டால் கீழே சொல்லப்போவது எதுவும் பயன்படாது.

அப்புறம், வேகமான பேச்சில் இவை தேய்ந்துபோகும். 'ஆங்ஃபெங்' வெறும் 'ஃபெங்' ஆகிவிடும். 'த்யு சே' (தெரியுமா) 'த்சே' ஆகிவிடும். அகராதி வடிவத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தால் சொல் வந்துபோனதே தெரியாது.

படி 2: நீக்கிப் பாருங்கள்

ஒரு சொல் அதன் சொந்தப் பொருளில் வந்திருக்கிறதா, இடைச்சொல்லாக வந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி, அதை எடுத்துவிட்டுப் பார்ப்பது. "ஸே போங்" (நன்றாக இருக்கிறது) என்பதில் போங்கை எடுத்தால் வாக்கியமே இடிந்துவிடும். அது பெயரடை. "போங், ஓங் யி வா" (சரி, கிளம்பலாம்) என்பதில் எடுத்தாலும் கிளம்புவது கிளம்புவதுதான். செய்தி மாறாது, ஆனால் சொல்பவரின் முகம் மறைந்துவிடும். முன்னால் நடந்த பேச்சை அவர் மூடிவைத்தார் என்ற குறிப்பு காணாமல் போகும்.

படி 3: இடம்தான் பாதிப் பொருள்

வாக்கியத்தின் தலையில் வருபவை முன்பு பேசியதோடு இதை எப்படிக் கோக்கிறோம் என்று காட்டும்: பெங், போங், அலோர், தோங்க். வாலில் வருபவை கேட்பவரைப் பார்த்துத் திரும்பும்: எங், குவா, வுவாலா. நடுவில் வருபவை பெரும்பாலும் திருத்தம் அல்லது யோசனை: ஆங்ஃபெங், அப்புறம் உதட்டைக் குவித்து 'ஏ' சொல்வதுபோல் இழுக்கும் அந்த யோசனைச் சத்தம். சொல்லை மனப்பாடம் செய்யும்போது இடத்தையும் சேர்த்துச் செய்யுங்கள். 'குவா' என்று தனியாக எழுதி வைக்காதீர்கள், 'கடைசியில் வரும் குவா' என்று எழுதுங்கள்.

படி 4: பெங்

இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். 'நன்றாக' என்ற பொருளுள்ள 'பியெங்' தேய்ந்து உண்டான சொல் இது. ஆனால் இன்றைய வேலையில் நன்மை எதுவும் இல்லை. கேள்விக்கு நேரான பதில் வரப்போவதில்லை என்பதற்கான முன்னறிவிப்பு அது.

சனிக்கிழமை சாப்பிட வருகிறாயா என்று கேட்கிறார்கள்: "த்யு வியெங் சம்தி?" நீங்கள் "பெங்..." என்று சொல்லி அரை நொடி நிறுத்துகிறீர்கள். அவ்வளவுதான், முடியாது என்பது அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நாகரிகம் தெரிந்தவர் உடனே "ஸே பா க்ராவ்", பரவாயில்லை, என்பார். நீங்கள் காரணத்தைச் சொல்லி முடிக்கும்வரைகூடக் காத்திருக்க மாட்டார். இதற்குத் தமிழில் அச்சாக ஒன்று நம்மிடம் இருக்கிறது: "அது வந்து..." யாராவது உங்களிடம் கடன் கேட்டு, நீங்கள் "அது வந்து..." என்று ஆரம்பித்தால் அவர் முகம் எப்படி மாறும்? பெங் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இதே சொல் 'ஆமாம்' என்பதற்கு முன்னால் வந்தால் கதை வேறு. "பெங் உவி" என்றால் 'ஆமா, பின்னே?'. இதைக் கேட்கவே வேண்டுமா என்ற தொனி உள்ளே இருக்கிறது. நண்பர்களிடம் இது இயல்பு. அதிகாரியோ வீட்டுக்காரரோ கேட்ட கேள்விக்கு "பெங் உவி" என்று பதில் சொன்னால், அவர் தெரிந்த விஷயத்தைக் கேட்டுவிட்டார் என்று சொல்வதுபோல் ஆகும். அங்கே வெறும் 'உவி' போதும். இளையவர்கள் பலர் இதை 'பா' என்றும் சொல்வார்கள், வேலை ஏறக்குறைய அதேதான்.

முன்னால் 'ஏ' சேர்ந்து "ஏ பெங்!" என்று வந்தால் வியப்பு. மின்கட்டண பில்லைப் பிரித்துப் பார்த்தவுடன் வரும் சொல்.

படி 5: போங்

'நல்ல' என்ற பெயரடையிலிருந்து வந்தது. இதற்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் 'சரி', அதுவும் ஒப்புக்கொள்ளும் 'சரி' இல்லை, முடித்துவைக்கும் 'சரி'. "சரி, அப்ப நான் கிளம்பறேன்" என்பதில் வருவது. இதுவரை பேசியதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டேன், அடுத்ததற்குப் போகலாம் என்று சொல்கிறது. வகுப்பில் ஆசிரியர் தொனியை இறக்கி "போங்!" என்றால் பேச்சை நிறுத்துங்கள் என்று அர்த்தம். கூட்டத்தில் தலைவர் சொன்னால் அடுத்த பொருளுக்குப் போகிறோம் என்று அர்த்தம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தொனியை உயர்த்தி "ஆ போங்?" என்றால் 'அப்படியா?' என்று மட்டும்தான் பொருள். நீங்கள் "அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்" என்று சொல்லி, எதிரில் இருப்பவர் "ஆ போங்?" என்றால் அவர் 'நல்லது' என்று சொல்லவில்லை. மனசு சங்கடப்பட வேண்டாம். அவர் அக்கறையோடு கேட்கிறார்.

முன்னால் 'மே' (ஆனால்) வந்தால், "மே போங்..." என்று வாக்கியம் பாதியில் நிற்கும். 'சம்பளம் குறைவு, மே போங்...' மீதியைச் சொல்ல மாட்டார்கள். என்ன செய்வது, அப்படித்தான் ஓடுகிறது என்பதை நீங்களே நிரப்பிக்கொள்ள வேண்டும். தொல்காப்பியர் சொன்ன ஒழியிசை இதுதானே! சொல்லாமல் விட்டது கேட்பவருக்குள் ஒலிக்கிறது.

படி 6: எங், குவா இரண்டையும் குழப்பாதீர்கள்

இரண்டும் வாலில் வருபவை. பாடப்புத்தகங்கள் வாக்கியத்தின் கடைசியில் 'நெஸ் பா' போடச் சொல்லித் தரும். அன்றாடப் பேச்சில் அந்த இடத்தில் கேட்பது 'எங்'தான். "ஸே போ, எங்?" என்றால் 'அழகா இருக்குல்ல?'. நம் 'ல்ல', 'தானே' போல ஒப்புதலைக் கேட்கிறது. "அதாங்ஸியோங், எங்!" என்றால் 'பார்த்து, சொல்லிட்டேன்!'. எச்சரிக்கைக்கு அழுத்தம் கொடுக்கிறது.

குவா அப்படிக் கேட்பதில்லை. "ஸே கோங்ப்லிகே, குவா" என்றால் 'சிக்கல்தான், வேறென்ன சொல்ல'. இதைவிடச் சரியான சொல் கிடைக்கவில்லை, நான் சொல்ல வந்தது உனக்கே புரியும் என்று சொல்லிவிட்டுத் தொனி கீழே இறங்கும். நீளமாக எதையாவது அடுக்கிக்கொண்டே போய், 'வீடு, பிள்ளைகள், வேலை... லா வீ, குவா' என்று முடிப்பார்கள். வாழ்க்கைதான், வேறென்ன.

பாரிஸின் லா ஷாபெல் பக்கம் தமிழ்க் கடைகளில் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "நாளைக்கு வருவீங்கள், என்ன?" என்று அவர்கள் கேட்பார்கள். குவா என்பதற்கும் அகராதியில் 'என்ன' என்றுதான் இருக்கிறது. அதனால் இரண்டும் ஒன்று என்று நினைக்கத் தோன்றும். ஆனால் யாழ்ப்பாண 'என்ன' செய்வது எங்கின் வேலையை. அது பதிலை எதிர்பார்க்கிறது. குவா எதிர்பார்ப்பதில்லை. அவர் நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறாரா, அல்லது தானே ஓய்ந்துபோகிறாரா என்று கவனியுங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

இன்னொன்று. காதில் விழாததற்குத் தனியாக "குவா?" என்றோ "எங்?" என்றோ கேட்காதீர்கள். பிரெஞ்சு வீடுகளில் குழந்தைகளை இதற்காகத் திருத்துவார்கள். "பார்தோங்?" அல்லது "கொமாங்?" என்று கேளுங்கள்.

படி 7: ஆங்ஃபெங்

'முடிவில்' என்று அகராதி சொல்லும். "இல் எ மேத்ஸெங், ஆங்ஃபெங், எங்ஃபிர்மியே" என்ற வாக்கியத்தை 'அவர் டாக்டர், முடிவில் நர்ஸ்' என்று மொழிபெயர்த்தால் ஒரு மனிதரின் வாழ்க்கைக் கதையே மாறிவிடும். 'அவர் டாக்டர்... இல்ல, நர்ஸ்' என்பதுதான் சரி. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டு திருத்துகிறார். சில சமயம் முழுத் திருத்தம்கூட இருக்காது, சொன்னதைக் கொஞ்சம் தளர்த்துவார்: 'நண்பர், ஆங்ஃபெங், தெரிந்தவர்'.

பெருமூச்சோடு தனியாக வந்தால் 'அப்பாடா, ஒருவழியா'. "மே ஆங்ஃபெங்!" என்று வந்தால் பொறுமை போய்விட்டது என்று பொருள். மூன்றையும் பிரிப்பது தொனிதான், எழுத்தில் பார்த்தால் ஒரே சொல்.

படி 8: அலோர், தோங்க், த்யு கூ

அலோர் 'அந்த வேளையில்' என்ற பொருளில் பிறந்து, 'அப்படியானால்' என்று வளர்ந்தது. நம் 'அப்போ' போன அதே பாதை! 'அப்போ நான் சின்னப் பையன்' என்பதும் 'அப்போ நீ வரலையா?' என்பதும் ஒரே சொல்தானே. அதனால் தமிழருக்கு அலோர் தானாக வரும். பேச்சைத் துவக்கவும் பயன்படும்: "அலோர்?" என்று கேட்டால் 'அப்புறம், என்ன ஆச்சு?'.

தோங்க் என்றால் 'ஆகவே' என்று படித்திருப்பீர்கள். பேச்சில் அதைவிட முக்கியமான வேலை, விலகிப்போன பேச்சைத் திரும்பக் கொண்டுவருவது. கதை சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவில் நாயைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு "தோங்க்..." என்றால் 'எங்கே விட்டேன், ஆங்' என்று பழைய நூலைப் பிடிக்கிறார். காரண காரியம் தேடாதீர்கள்.

த்யு கூ இன்று எங்கும் கேட்கிறது. 'கூ' என்றால் அடி, வீச்சு. சட்டென்று நடந்ததன் விளைவு என்பது பழைய பொருள். இப்போது 'அதனால', 'அப்போ' என்ற இடங்களில் எல்லாம் வருகிறது. 1635-இல் தொடங்கிய, பிரெஞ்சு மொழிக்கான அமைப்பான அகாதெமி ஃப்ரான்ஸேஸ், தோங்க் வர வேண்டிய இடத்தில் எல்லாம் இதைப் போடுவதை ஏற்கவில்லை. என் கருத்து: பேச்சில் தயங்காமல் பயன்படுத்துங்கள், எழுத்தில் வேண்டாம். "த்யு கூ, ஓங் ஃபெ குவா?" (அப்போ, என்ன பண்ணலாம்?) என்பதைக் கேட்காத நாளே இல்லை. இதில் வரும் குவா உண்மையான கேள்விச் சொல் என்பதைக் கவனியுங்கள். நீக்கிப் பாருங்கள், வாக்கியம் நிற்காது.

படி 9: மற்றவை, சுருக்கமாக

தியெங்: சொல்லுக்குச் சொல் 'பிடி'. பொருளைக் கொடுக்கும்போதும் வரும், எதிர்பாராததைப் பார்த்தாலும் வரும். நம் 'இந்தா' போலவே. தி தோங்க்: 'சொல்லேன்' என்பது எழுத்துப் பொருள், வியப்புக்கும் லேசான அதட்டலுக்கும் வரும். காங் மெம்: "ஸே காங் மெம் ஷேர்" என்றால் 'என்ன இருந்தாலும் விலை அதிகம்தான்'. விலையைக் கேட்டுவிட்டு "ஆ, காங் மெம்!" என்றால் 'அம்மாடி, இவ்வளவா!'. வுவாலா: 'அதோ பார்' என்று பிறந்து, 'அவ்வளவுதான்' என்று முடிக்கிறது. ஜாங்ர்: 'மாதிரி' என்பது போல இளைஞர்கள் பிறர் பேச்சை எடுத்துச் சொல்லும்போது வைப்பது. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். லா: 'அங்கே'. கியூபெக்கில் வாக்கியத்துக்கு வாக்கியம் கடைசியில் வரும், பாரிஸ் காதுக்கு உடனே ஊர் தெரிந்துவிடும்.

படி 10: கோத்துக் கேளுங்கள்

இவை தனித்தனியாக வருவதைவிடச் சேர்ந்து வருவது அதிகம். "போங் பெங் வுவாலா குவா" என்று முழு வாக்கியம்போலச் சொல்லி ஒருவர் நிறுத்துவார். அகராதியில் தேடினால் 'நல்ல நன்றாக அதோபார் என்ன' என்று வரும். இடைச்சொல்லாகப் பிரித்தால் தெளிவு: விஷயத்தை மூடுகிறேன் (போங்), மூடும் விதம் எனக்கே முழுத் திருப்தி இல்லை (பெங்), மேலே சொல்ல எதுவும் இல்லை (வுவாலா), உனக்குப் புரிந்திருக்கும் (குவா). பிரிந்துபோன காதலைப் பற்றியும் கேட்டிருக்கிறேன், ஓடாமல் நின்றுபோன சலவை இயந்திரத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். வரிசைக்கும் பழக்கம் உண்டு. போங் முன்னால், பெங் பின்னால்.

படி 11: ஆம்லெட் பயிற்சி

செய்தி வாசிப்பைக் கேட்டு இதைக் கற்க முடியாது. ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி நல்ல பயிற்சிதான், ஆனால் அது எழுதிவைத்துப் படிப்பது. உண்மையான பேச்சு வேண்டும். 1950-களில் மொழியியலாளர் ஜார்ஜ் கூகென்ஹைமின் குழு டேப் ரெக்கார்டரோடு போய், சுமார் 3 லட்சம் சொற்கள் வரும் அளவுக்குச் சாதாரண மக்களின் பேச்சைப் பதிவுசெய்தது. வெளிநாட்டவருக்கு எந்தச் சொற்களை முதலில் கற்றுத்தருவது என்று முடிவுசெய்யத்தான் அந்த வேலை. பிறகு 1968-இல் பிரிட்டனிலிருந்து வந்த பேராசிரியர்கள் ஓர்லேயாங் நகரத்தில் வீடு வீடாகப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். எஸ்லோ என்ற அந்தத் தொகுப்பு இன்று இணையத்தில் இருக்கிறது, 2008 முதல் புதிய பதிவுகளும் சேர்ந்தன.

அந்தப் பேட்டிகளில் ஒரு கேள்வி: ஆம்லெட் எப்படிச் செய்வீர்கள்? நமக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. விஷயம் எல்லோருக்கும் தெரிந்தது, சொற்கள் எளியவை, அதனால் கவனம் முழுவதையும் இடைச்சொற்களுக்குக் கொடுக்கலாம். ஐந்து பேரின் பதிலை எடுங்கள். முதல் நாள், பதிலின் முதல் நொடியை மட்டும் கேளுங்கள், முட்டையை உடைப்பதற்கு முன்னால் என்ன சொல்கிறார்கள்? இவ்வளவு சாதாரணக் கேள்வியா என்ற வியப்பு எந்தச் சொல்லில் வருகிறது? இரண்டாம் நாள், வாக்கியங்களின் வால் மட்டும். மூன்றாம் நாள், ஒரு நிமிடப் பேச்சைத் தயக்கம், திருத்தம் எதையும் விடாமல் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும். நான்காம் நாள், அதே வேகத்தில் கூடவே சொல்லுங்கள்.

படி 12: எங்கே பேசலாம்

ஒரு வாரத்துக்கு ஒரு சொல் போதும். முதலில் போங், பிறகு அலோர், பிறகு பெங். ஒரே நாளில் எல்லாவற்றையும் தூவினால் பேச்சு செயற்கையாகிவிடும். வேலைக்கான நேர்காணலில் அலோர், தோங்க், வுவாலா தாராளமாக வரலாம். வாக்கியத்துக்கு வாக்கியம் குவா வந்தால் சொல்வதில் உங்களுக்கே உறுதியில்லை என்று தோன்றும். தேர்வில் எழுதும் கட்டுரையில் தோங்க், அலோர் தவிர எதுவும் வேண்டாம்.

இதையெல்லாம் சோதிக்க நல்ல இடம் போன். பேச வேண்டியது முடிந்ததும் காத்திருங்கள். எதிர்முனையில் "போங்" வரும். புதிதாக எதையும் ஆரம்பிக்காமல் நீங்களும் "போங்" என்று திருப்பிக் கொடுங்கள். அவர் "பெங், ஏகூத்..." என்பார், 'சரி கேளு' என்பதுபோல. நன்றி சொல்ல வேண்டியிருந்தால், அடுத்த சந்திப்பை உறுதிசெய்ய வேண்டியிருந்தால், அதற்கான இடைவெளி இதுதான், ஒரு வரியில் முடியுங்கள். பிறகு இருவரில் ஒருவர் "அலே" என்பார். 'போய்வா' என்ற இடத்தில் இருக்கும் சொல் அது. நீங்களும் "அலே" சொல்லி, "ஸலு" என்று வையுங்கள்.